கிங் ஷாகா விமான நிலையம் யாருடையது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் குடியிருக்கிறேன். கிளியரிங் ஏஜெண்ட் ஒருவரின் அலுவலகத்தில் வேலை. சென்னையிலிருந்து வரும் பட்டுச்சேலை மூட்டையும் கோயில் விக்கிரகமும் சுங்கத்தைத் தாண்டி வெளியே வர வைப்பது என் பிழைப்பு. ஆகவே வாரத்தில் நான்கு நாளாவது டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்தில் கால் வைக்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்கள், இங்கே புதிதாக வேலைக்கு வந்த தமிழர்கள், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்துவிடும் பெற்றோர் எல்லாரும் ஒரே கேள்விகளைச் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த விமான நிலையம் யாருக்குச் சொந்தம்? டர்பன் மாநகராட்சிக்கா?

இல்லை. குவாசூலு-நட்டால் மாகாண அரசுக்கும் சொந்தமில்லை. ஓடுபாதையும் பயணிகள் முனையமும் ஏர்போர்ட்ஸ் கம்பெனி சவுத் ஆப்பிரிக்கா என்ற நிறுவனத்தின் சொத்து. எல்லாரும் சுருக்கமாக அக்சா என்பார்கள். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான நிறுவனம் அது. அதுவரை விமான நிலையங்களைப் போக்குவரத்துத் துறையே நேரடியாக நடத்தி வந்தது. தலைமை அலுவலகம் ஜோகன்னஸ்பர்க் பக்கம். ஜோகன்னஸ்பர்க், கேப்டவுன், டர்பன் ஆகிய மூன்று பெரிய நிலையங்களோடு, கெபெஹா, ஈஸ்ட் லண்டன், ஜார்ஜ், புளூம்ஃபான்டைன், கிம்பர்லி, அபிங்டன் என்ற ஆறு சிறிய நிலையங்களும் அதன் கையில்தான். பெரியவை சம்பாதிப்பதில் சிறியவை சாப்பிடுகின்றன. கூட்டுக்குடும்பத்தில் மூத்த அண்ணன் சம்பளத்தில் தம்பிமார் படிப்பது மாதிரி. டர்பன் இந்த வீட்டில் மூன்றாவது பிள்ளை. சம்பாதிக்கும் பிள்ளைதான், ஆனால் பேச்சு எடுபடும் பிள்ளை அல்ல.

அப்படியானால் அக்சா யாருடையது?

பெரும்பங்கு, அதாவது 74.6 விழுக்காடு, தென்னாப்பிரிக்க அரசிடம் இருந்து வந்திருக்கிறது. அதற்கு அடுத்த பங்கின் கதை சுவாரசியமானது. 1998ல் ரோம் நகர விமான நிலையங்களை நடத்தும் இத்தாலிய நிறுவனம் 20 விழுக்காட்டை வாங்கியது. மெல்ல மெல்ல முழுவதும் தனியார்மயமாகும் என்பது அன்றைய கணக்கு. அந்தக் கணக்கை அரசு பாதியில் மாற்றிக்கொண்டது. 2005ல் இத்தாலியர்கள் தாங்கள் கொடுத்த விலைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குக்கு விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியது அரசு ஊழியர் ஓய்வூதியப் பணத்தை முதலீடு செய்யும் பி.ஐ.சி. என்ற பொது நிறுவனம். ஆக, எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும் இந்த ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துண்டு உண்டு. அவருக்கு இதைச் சொன்னபோது, "அப்படியானால் கார் நிறுத்த ஏன் காசு வாங்குகிறார்கள்?" என்று கேட்டார்.

மீதிச் சிறு பங்கு கறுப்பினத்தவர் பொருளாதார வலுவூட்டல் என்ற கொள்கையின் கீழ் சில தனியார் குழுக்களுக்குப் போனது. அவற்றுள் சில, "எங்கள் பங்கை நியாயமான விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்" என்று நிறுவனத்தை நீதிமன்றத்துக்கு இழுத்தன. பங்குச் சந்தையில் விற்க முடியாத பங்கை வைத்திருப்பவனுக்கு இதுதான் தலைவலி. வீட்டில் இருக்கிறது, ஆனால் செலவழிக்க முடியாது.

மும்பை விமான நிலையத்தில் இவர்களுக்குப் பங்கு இருந்ததாமே?

இருந்தது. 2006ல் மும்பை நிலையம் தனியார் கூட்டுக்குப் போனபோது ஜி.வி.கே. குழுமத்தோடு அக்சாவும் சேர்ந்து 10 விழுக்காடு எடுத்தது. பிட்வெஸ்ட் என்ற இன்னொரு தென்னாப்பிரிக்க நிறுவனமும் அந்தக் கூட்டில் இருந்தது. இரண்டின் பங்கையும் 2021ல் அதானி குழுமம் வாங்கிக்கொண்டது. தன் ஊரில் அரசு நிறுவனம், வெளியூரில் தனியார் பங்காளி என்று ஒரே கம்பெனி இரண்டு வேடம் போட்டதைக் கேட்டால் பலர் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

மாகாண அரசுக்கு ஒன்றுமே இல்லையா?

உண்டு. இங்கேதான் கதை முடிச்சு விழுகிறது. நிலையம் இருக்கும் லா மெர்சியில் மொத்தம் சுமார் 2,000 ஹெக்டேர் நிலம். ஓடுபாதையும் முனையமும் அக்சாவிடம். அதை ஒட்டிய நிலம், சரக்கு முனையம், தொழிற்பேட்டை, கண்ணாடிக் கூடங்களில் காய்கறி விளையும் வேளாண் பகுதி எல்லாம் டூபே டிரேட்போர்ட் என்ற மாகாண அரசு நிறுவனத்திடம். வேலிக்கு அந்தப் பக்கம் மத்திய அரசு, இந்தப் பக்கம் மாகாண அரசு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே வளாகம். நான் ஒரு பொதியை வெளியே எடுக்க நடக்கும் தூரத்தில் எத்தனை எல்லைகளைத் தாண்டுகிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

என் கருத்தைக் கேட்டால், இந்த விமான நிலையத்தின் பாதிக் கதை இந்த வேலியில் இருக்கிறது. விமானம் நிறைய வர வேண்டும் என்று துடிப்பது மாகாணம், ஏனென்றால் வேலைவாய்ப்பும் சுற்றுலாவும் அதன் கவலை. ஓடுபாதையின் சாவி இருப்பதோ அக்சாவிடம். டர்பனில் இறங்க வேண்டிய பயணி ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கினாலும் அக்சாவுக்கு வருமானம் வருமானம்தான். சொந்தக்காரர் ஒருவர், ஆசைப்படுபவர் வேறொருவர். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் அவசரம் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் இருக்கிறது.

இதைச் சமாளிக்கத்தான் மாகாணம், மாநகராட்சி, அக்சா, டிரேட்போர்ட், சுற்றுலாத் துறை எல்லாரும் சேர்ந்து டர்பன் டைரக்ட் என்ற கூட்டுக் குழுவை அமைத்தார்கள். வெளிநாட்டு விமான நிறுவனங்களிடம் போய், "எங்கள் ஊருக்கு நேராக வாருங்கள், இத்தனை பேர் இருக்கிறார்கள்" என்று கணக்குக் காட்டி அழைப்பது அதன் வேலை.

மாநகராட்சியே நடத்தும் விமான நிலையம் இந்த நாட்டில் இல்லையா?

நிறைய உண்டு, எல்லாம் சிறியவை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையம் அந்நகராட்சியின் சொத்து. டர்பனிலேயே கடலோரம் இருக்கும் வர்ஜீனியா என்ற சிறிய விமானத்தளம் எத்தெக்வினி என்ற டர்பன் மாநகராட்சியுடையது. பயிற்சி விமானங்களும் ஹெலிகாப்டர்களும் அங்கே பறக்கும். இன்னொரு முனையில் ஜோகன்னஸ்பர்க்குக்கு வடமேற்கே லான்சீரியா இருக்கிறது. அது தனியார் கூட்டுக்குச் சொந்தமானது. வேடிக்கை என்னவென்றால் அதிலும் பி.ஐ.சி.க்குப் பங்கு. போட்டி போடும் இரண்டு கடைகளிலும் ஒரே மாமனார் முதல் போட்டிருப்பது போல.

நன்றாகத்தானே இருந்தது பழைய விமான நிலையம்? ஏன் மூடினார்கள்?

இந்தக் கேள்வியை இளைஞர்கள் கேட்பதில்லை, ஐம்பதைத் தாண்டியவர்கள் மட்டும் கேட்கிறார்கள். பழைய நிலையம் நகரத்துக்குத் தெற்கே, இசிபிங்கோவை ஒட்டி இருந்தது. 1951ல் திறந்தது. லூயி போத்தா என்ற பெயரில் இயங்கி, பிறகு டர்பன் இன்டர்நேஷனல் ஆயிற்று. நகரத்திலிருந்து இருபது நிமிடத்தில் போய்விடலாம். எங்கள் பக்கத்து வீட்டு மாமா இசிபிங்கோவில் பிறந்து வளர்ந்தவர். ஈஸ்டர் சமயத்தில் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவில் உடுக்கைச் சத்தத்துக்கு மேலே விமானம் கடந்து போகும், சாமி வந்தவர்கள் கூட ஒரு கணம் அண்ணாந்து பார்ப்பார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்.

மூடியதற்கு முக்கியக் காரணம் ஓடுபாதையின் நீளம். பழையது சுமார் 2,440 மீட்டர். புதியது 3,700 மீட்டர். சுமை நிறைந்த பெரிய விமானம் எழும்ப நீண்ட ஓட்டம் வேண்டும். வெயில் ஏறினால் காற்றின் அடர்த்தி குறையும், இறக்கைக்குக் கிடைக்கும் தாங்குவிசையும் குறையும், இன்னும் அதிக தூரம் ஓட வேண்டியிருக்கும். இடம் போதாவிட்டால் விமானி ஒன்று எரிபொருளைக் குறைக்க வேண்டும், அல்லது ஆட்களையும் சரக்கையும் குறைக்க வேண்டும். எரிபொருளைக் குறைத்தால் லண்டன் எட்டாது. ஆட்களைக் குறைத்தால் நட்டம்.

இதே கணக்கை ஜோகன்னஸ்பர்க்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று இயல்பாகவே மெல்லியது. அதனால்தான் அங்கே 4,400 மீட்டருக்கும் மேல் நீளமான ஓடுபாதை போட்டிருக்கிறார்கள். டர்பன் கடலோரம். காற்று அடர்த்தியாக இருக்கும். 3,700 மீட்டர் இங்கே தாராளம். இயற்கை நமக்குக் கொடுத்த சீதனம் இது. அதை வைத்துப் பெரிதாகப் பிழைக்கத் தெரியவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

பழைய இடத்தை விரிவாக்கவும் வழியில்லை. ஒரு பக்கம் தொழிற்சாலைகள், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, மறுபக்கம் குடியிருப்புகள்.

லா மெர்சி நிலம் எப்படிக் கிடைத்தது?

அது 1970களின் கதை. அன்றைய அரசு கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே புதிய விமான நிலையத்துக்கு இடம் பார்த்து, மண் சமன்படுத்தும் வேலையைத் தொடங்கியது. பொருளாதாரம் சரிந்ததும் 1982ல் நிறுத்திவிட்டது. கால் நூற்றாண்டு அந்த இடம் சும்மா கிடந்தது. டோங்காட்டில் பழையவர்களைக் கேட்டால், வராத விமான நிலையத்தைப் பற்றிப் பேசிப் பேசியே ஒரு தலைமுறை கழிந்தது என்பார்கள். "விமானம் வந்த பிறகு கல்யாணம்" என்று தள்ளிப்போட்ட மாப்பிள்ளைகள் இருந்தார்களாம். மாமா சொன்னது, நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

2010 உலகக் கோப்பைக் கால்பந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கிடைத்ததும் கதை ஓட்டம் பிடித்தது. 2007ல் வேலை தொடங்கியது. இலெம்பே என்ற ஒப்பந்தக் கூட்டு கட்டியது. செலவு சுமார் 700 கோடி ராண்டு. 2010 மே 1ஆம் தேதி திறப்பு. முதல் நாள் இரவு பழைய நிலையத்தில் கடைசி விமானம், விடிந்ததும் புதிய நிலையத்தில் முதல் விமானம். வண்டி வண்டியாகச் சாமான்கள் ஒரே இரவில் தெற்கிலிருந்து வடக்குக்கு இடம் பெயர்ந்தன.

நம்மவர்களுக்கு இதில் ஒரு தனி உறுத்தல் உண்டு. 1860 நவம்பரில் டிரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரைக் கொண்டுவந்து இறக்கியது முதல், இந்த வடகடலோரக் கரும்புக் காட்டில்தான் நம்மவர் பலர் ஒப்பந்தக் கூலிகளாக முதுகு ஒடிந்தார்கள். டோங்காட்டின் வீரபோக எம்பெருமாள் கோயிலும் மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலும் அந்தக் கரும்பாலைத் தொழிலாளர்கள் எழுப்பியவை. விமானம் வடக்கிலிருந்து இறங்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தால் மிச்சமிருக்கும் கரும்பு இன்னும் தெரியும்.

திறந்த புதிதில் ஏதோ பெரிய குளறுபடி நடந்ததாமே?

2010 ஜூலை 7. ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் அரையிறுதி ஆட்டம் டர்பனில். பணக்காரர்கள் தனி விமானங்களில் வந்து இறங்கி, நிறுத்துமிடத்தை அடைத்துக்கொண்டு நகர மறுத்தார்கள். இடமில்லாமல் பயணிகள் விமானங்கள் வானத்தில் வட்டமடித்து, சில வேறு ஊர்களுக்குத் திரும்பின. டிக்கெட் வாங்கிய நூற்றுக்கணக்கான ரசிகர்கள் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. அக்சா மன்னிப்புக் கேட்டது. 3,700 மீட்டர் ஓடுபாதை இருந்தும், வந்தவர்களை நிறுத்த இடமில்லாமல் போனது. கல்யாண மண்டபம் பெரிதாகக் கட்டிவிட்டுச் செருப்பு விட இடம் வைக்காத கதை.

பழைய இடம் இப்போது என்ன ஆயிற்று?

2012ல் டிரான்ஸ்நெட் என்ற அரசுத் துறைமுக, ரயில் நிறுவனம் 185 கோடி ராண்டுக்கு வாங்கியது. நிலத்தைத் தோண்டிக் கடலை உள்ளே விட்டுப் புதிய துறைமுகம் அமைப்பது திட்டம். அது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. மனத்தில் நிற்பது அந்த நிலத்தின் ஓரத்துக் காய்கறித் தோட்டங்கள். விமான நிலைய நிலத்தில் குத்தகைக்குப் பயிர் செய்துவந்த இந்திய வம்சாவளிச் சிறு விவசாயிகளை, துறைமுகத்துக்காக வெளியேறச் சொன்னபோது அவர்கள் எதிர்த்து நின்றார்கள். ஏர்போர்ட் ஃபார்மர்ஸ் என்றே அவர்களுக்குப் பெயர். காலைச் சந்தையில் வேர்மண் உலராத கீரைக்கட்டும் கொத்தமல்லியும் வாங்கிய தெற்கு டர்பன்காரர்களுக்கு அது ஓடுபாதை ஓரத்து மண் என்று தெரியும். யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குப் பத்திரத்தில் ஒரு விடை, மண்வெட்டி பிடித்தவர் கையில் வேறொரு விடை.

விமான நிலையத்துக்குள் யார் எந்த வேலையைப் பார்க்கிறார்கள்? புகார் யாரிடம் சொல்வது?

பலர் எல்லாவற்றுக்கும் ஒரே கவுண்டரில் போய்ச் சண்டை போடுகிறார்கள். கோபுரத்திலிருந்து விமானத்தை வழிநடத்துவது ஏ.டி.என்.எஸ். என்ற தனி அரசு நிறுவனம். பாதுகாப்பு விதிகளை வகுப்பதும் உரிமம் தருவதும் விமானப் போக்குவரத்து ஆணையம். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவது எல்லை மேலாண்மை ஆணையம். சுங்கம் வருவாய்த் துறை. பெட்டியைத் தூக்கிப்போடுவது விமான நிறுவனம் அமர்த்திய தரைப்பணி நிறுவனம். கழிப்பறை, விளக்கு, நடைபாதை, கார் நிறுத்துமிடம், கடை வாடகை, இவைதான் அக்சா. பெட்டி உடைந்தால் விமான நிறுவனத்திடம் போங்கள், வெளியே வருவதற்கு முன்பே.

டிக்கெட் விலையில் விமான நிலையத்துக்கு எவ்வளவு போகிறது?

பயணிகள் சேவைக் கட்டணம் என்று ஒரு வரி டிக்கெட்டுக்குள் ஒளிந்திருக்கும். விமானம் இறங்கும் கட்டணமும் நிறுத்தும் கட்டணமும் விமான நிறுவனத்தின் தலையில், அதாவது சுற்றி வந்து நம் தலையில். இந்த மூன்றையும் அக்சா தன் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. ஒழுங்குமுறைக் குழு ஒன்று பல ஆண்டுகளுக்கு ஒரு முறை அனுமதி தருகிறது. உலகக் கோப்பைக்காகச் செய்த முதலீட்டை மீட்க 2011ல் சுமார் 70 விழுக்காடு உயர்வுக்கு அனுமதி கிடைத்தது. விமான நிறுவனங்கள் கொதித்தன. 2017ல் அதே குழு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைக்கச் சொன்னது. இப்படி ஏறி இறங்கும் வருமானத்தை நம்பிக் கடன் பத்திரம் வெளியிட்டு நிலையம் கட்டுகிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கே தலைசுற்றும்.

கட்டுப்பாடு இல்லாத வருமானம் வேறு: கடைகள், விளம்பரப் பலகைகள், வாடகைக் கார் அலுவலகங்கள், கார் நிறுத்துமிடம். ஆசிரியை கேட்ட கேள்விக்கு விடை அதுதான். விமானம் வராத மணிநேரத்திலும் கார் நிறுத்துமிடம் சம்பாதிக்கிறது.

சென்னைக்கு நேரடி விமானம் எப்போது வரும்?

மாதம் ஒரு முறையாவது வரும் கேள்வி. தமிழர்கள் இவ்வளவு பேர் இருக்கிறோமே என்பார்கள். எண்ணிக்கை உண்மை, பயணம் வேறு கணக்கு. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் ஐந்தாறு தலைமுறையானவை. கேரளத்திலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் போல ஆண்டுதோறும் ஊருக்குப் போய்வருவதில்லை. வாழ்நாளில் ஒரு முறை வேர் தேடி, கோயில் தேடிப் போகிறார்கள். நேரடி விமானம் நிலைத்து ஓடுவதற்கு வாரத்துக்குச் சில நாட்கள், இரு திசையிலும், ஆண்டு முழுவதும் இருக்கை நிரம்ப வேண்டும். முன்வரிசையில் அதிக விலை கொடுக்கும் வணிகப் பயணிகளும் வேண்டும். அவர்கள் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறார்கள். அந்த ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மும்பைக்குப் பறந்த தென்னாப்பிரிக்க ஏர்வேஸ் விமானமே 2015ல் நின்றுபோனது.

இப்போதைக்கு நமக்கு வழி துபாய். எமிரேட்ஸ் 2009 அக்டோபரிலேயே, பழைய நிலையம் இருந்தபோதே, டர்பனுக்கு வரத் தொடங்கிவிட்டது. வேட்டி கட்டிய தாத்தாவும், பட்டுப்புடவைப் பெட்டியோடு திரும்பும் கல்யாணப் பெண்ணும் அந்த விமானத்தில்தான்.

லண்டன் நேரடி விமானத்தை 2018 அக்டோபரில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தொடங்கியது, வாரத்துக்கு மூன்று முறை. ஊரே கொண்டாடியது. 2020ல் கொரோனாவோடு அது போயிற்று. ஓடுபாதை நீளம் தேவைதான், ஆனால் அது போதாது என்பதை அந்த ஒன்றரை ஆண்டில் கற்றுக்கொண்டோம்.

உள்நாட்டு விமானங்கள் ஏன் இப்படிக் காணாமல் போகின்றன?

டர்பனையே தளமாக வைத்து 2011ல் கிளம்பிய வெல்வெட் ஸ்கை ஒரு வருடம் தாங்கவில்லை. ஒன்டைம் 2012ல் போயிற்று. அரசின் மலிவு நிறுவனமான மாங்கோ 2021ல் நின்றது. குலுலா விமானங்களை இயக்கிய கோமேர் 2022ல் கடையைக் கட்டியது. பச்சை வண்ணம் பூசி, நகைச்சுவையாக அறிவிப்புச் செய்யும் குலுலாவை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்னும் தேடுகிறார்கள். 2019ல் ஏறத்தாழ 60 லட்சம் பேர் வந்துபோன நிலையம் அடுத்த ஆண்டே பாதிக்கும் கீழே இறங்கியதற்கு ஊரடங்கு காரணம். பிறகு மெதுவாக ஏறியதற்கு இந்த நிறுவனங்களின் மறைவும் ஒரு காரணம். இன்று ஃபிளைசேஃபேர், ஏர்லிங்க், லிஃப்ட் போன்றவை இடத்தை நிரப்புகின்றன.

குருவிக் கூட்டத்தால் விமானம் தாமதமாகுமா?

ஆகலாம், சிரிக்காதீர்கள். ஓடுபாதைக்குத் தெற்கே மவுண்ட் மோர்லேண்ட் என்ற சிற்றூரில் நாணல் சதுப்பு ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் கூடு கட்டும் தகைவிலான் குருவிகள் கோடைக்கு இங்கே வந்து, அந்த நாணலில் இரவு தங்குகின்றன. முப்பது லட்சம் வரை என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அக்டோபர், நவம்பரில் வரும், ஏப்ரலில் திரும்பும். விமான நிலையம் வருகிறது என்றதும் பறவை ஆர்வலர்கள் போராடினார்கள். நாணலைக் காப்பதாக உறுதி தரப்பட்டது. பறவைகளைக் கண்காணிக்க ராடார் அமைக்கப்பட்டது. அந்தி நேரத்தில் கூட்டம் ஓடுபாதைப் பாதையில் உயர்ந்தால் விமானங்களைச் சற்றுப் பொறுக்கச் சொல்ல அது உதவும்.

ஒரு ஜனவரி மாலை மனைவி, பிள்ளையோடு அங்கே பாய் விரித்து உட்கார்ந்தேன். ஆறரை மணி. முதலில் நாலைந்து புள்ளிகள். பிறகு வானத்தில் மிளகு தூவியது போல. ஏழு மணிக்கு நாணலுக்கு மேல் புகைபோலச் சுழன்று, யாரோ கயிற்றை இழுத்தது மாதிரி மொத்தமாகக் கீழே கொட்டின. அதே சமயம் வலப்பக்கம் ஒரு விமானம் விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்கியது. பிள்ளை குருவியைப் பார்க்கவில்லை, விமானத்தைப் பார்த்தான்.

சரக்கு உண்மையிலேயே இங்கே விமானத்தில் வருகிறதா?

என் தொழில் என்பதால் நேராகச் சொல்கிறேன்: டர்பன் என்று ஏர்வே பில் என்ற சரக்குச் சீட்டில் எழுதியிருந்தாலும் நிறையப் பொதி ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி, லாரியில் என்3 நெடுஞ்சாலை வழியாகச் சுமார் 600 கிலோமீட்டர் வருகிறது. காரணம் பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் பெரும்பாலான சரக்கு பறக்கிறது. நீண்டதூரப் பயணிகள் விமானம் எங்கே அதிகமோ சரக்கும் அங்கே போகும். நேரடி விமானம் இல்லாததன் விலையைப் பயணி மட்டும் கொடுப்பதில்லை. மூன்று வருடம் முன்பு கும்பாபிஷேகத்துக்கு வந்த பஞ்சலோக உற்சவர் ஒன்று ஜோகன்னஸ்பர்க்கில் இரண்டு நாள் கிடங்கில் கிடந்தது. குருக்கள் ஐயா தொலைபேசியில், "சாமி எங்கே இருக்கிறார் தம்பி?" என்று மணிக்கு ஒரு முறை கேட்டார். ஹாரிஸ்மித் தாண்டிவிட்டார் என்று லாரி ஓட்டுநர் சொன்னதை அப்படியே சொன்னேன். அதன் பிறகுதான் அவர் சாப்பிட்டாராம்.

தொழிற்பேட்டை வேறு விதமாக வளர்ந்திருக்கிறது. சாம்சங் தொலைக்காட்சிப் பெட்டி பொருத்துகிறது. 2018ல் மகிந்திரா பிக்கப் வண்டிகளை அங்கே பொருத்தத் தொடங்கியது. 2019ல் ஆரவாரமாகத் திறந்த மாரா கைபேசி ஆலை சில ஆண்டுகளிலேயே மூடிப்போனது. விமானத்துக்குப் பக்கத்தில் இருப்பதைவிடத் துறைமுகத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் பக்கத்தில் இருப்பதுதான் இவற்றில் சிலவற்றுக்கு ஆதாயம் என்பது என் சந்தேகம்.

டூபே என்பவர் யார்?

ஜான் லங்காலிபலேலே டூபே. இன்று ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் என்று அறியப்படும் அமைப்பின் முதல் தலைவர், 1912. இனாண்டாவில் அவர் நிறுவிய ஓலாங்கே பள்ளியும் காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்பும் பக்கம் பக்கம். நிலையத்துக்குப் பெயர் தந்த ஷாகா சூலு மன்னர்.

இன்னும் விரிவாக்கும் திட்டம் உண்டா?

முனையம் ஆண்டுக்கு 75 லட்சம் பயணிகளைத் தாங்கும்படி கட்டப்பட்டது. இரண்டாவது ஓடுபாதைக்கும் வரைபடத்தில் இடம் இருக்கிறது. சுற்றிலும் ஒரு நகரமே எழும் என்று ஏரோட்ரோபோலிஸ் என்ற பெயரில் ஐம்பதாண்டுத் திட்டமும் போட்டிருக்கிறார்கள். உம்லாங்கா முதல் சிபாயா வரை கரும்பு நிலம் அடுக்குமாடியாகிக்கொண்டிருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த நிலத்தின் பெரும்பகுதியை வைத்திருந்த டோங்காட் ஹியூலட் சர்க்கரை நிறுவனமே 2022 அக்டோபரில் கடன் தாங்காமல் மீட்பு நடவடிக்கைக்குள் போயிற்று.

அதே 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட்டின் குடிநீர் நிலையம் அடித்துப்போனது. மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் வாளியோடு நின்றோம். வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தால் தலைக்கு மேலே ஜோகன்னஸ்பர்க் விமானம் சக்கரத்தை இறக்கிக்கொண்டு போகும். ஐம்பதாண்டுத் திட்டத்தை யாராவது படித்துக் காட்டும்போது எனக்கு அந்த வரிசைதான் நினைவுக்கு வருகிறது.

நகரத்திலிருந்து எப்படிப் போவது?

சுமார் 35 கிலோமீட்டர். ரயில் கிடையாது. கார், வாடகை வண்டி, அல்லது வண்டி வைத்திருக்கும் உறவினர். ஜோகன்னஸ்பர்க் நிலையத்துக்கு 2010லேயே கௌட்ரெயின் வந்துவிட்டது. என்2 நெடுஞ்சாலையில் காலை ஏழு மணிக்கு உம்லாங்கா பக்கம் மாட்டிக்கொள்ளாமல் முன்னதாகக் கிளம்புங்கள்.

கடைசியாக, இதைத் தனியாருக்கு விற்றுவிடுவார்களா?

1998ல் பாதிக் கதவைத் திறந்து பார்த்து, 2005ல் மூடிக்கொண்ட அரசு இது. என்னைக் கேட்டால் விற்பதைவிட மாகாணத்துக்கு ஒரு பங்கு கொடுத்துப் பார்க்கலாம். இருபது விழுக்காடு போதும். அப்போது ஓடுபாதையின் வருமானத்தில் மாகாணத்துக்கும் கவலை இருக்கும், டர்பனுக்கு விமானம் வருவதில் அக்சாவுக்கும் தொல்லை கொடுக்க ஒரு ஆள் உள்ளேயே இருப்பார். மாமாவிடம் இதைச் சொன்னேன். "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, இசிபிங்கோ ஓடுபாதையைத் திரும்பத் திறக்கச் சொல். கோயிலுக்குப் போனால் விமானம் பார்க்கலாம்" என்றார்.